இரண்டு பேர் உட்காரும் கார்

ஸ்ரீபாலன் தன்னுடைய மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். எடை போட்டுக்கொண்டிருந்த ஆள் ஏதோ கேட்டிருக்கிறான். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் முதலாளியின் தலை நெஞ்சின்மேல் சாய்ந்திருந்தது. செய்தி கேட்டு வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "கார்லயா?"

மண்டியில் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் வந்து போனதை, அந்த அழுகைக்கு நடுவிலும் குணமாலா கவனித்தாள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு கார் வேறு யாரிடமும் இல்லை. மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பாசிப் பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கூரை கித்தான் துணியால் ஆனது. வேண்டாமென்றால் மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். உட்கார இரண்டே இருக்கைகள். மூக்கில் எம்.ஜி. என்று இரண்டு எழுத்து. கார் தெருவுக்குள் நுழைந்தால், மூன்றாவது எழுத்து எங்கே விழுந்துவிட்டது என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். வேர்க்கடலையும் நெல்லும் வாங்கி விற்றவர். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்காதவர். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அப்படிப்பட்ட மனிதர் தலை நரைக்கத் தொடங்கிய வயதில் இந்தக் காரை ஏன் வாங்கினார் என்பது ஊருக்கு விளங்கவில்லை. குணமாலாவுக்கும் விளங்கவில்லை. கேட்டதற்கு, "நல்லா இருந்துது, வாங்கினேன்" என்றார். மறுபடி கேட்டால் அதே பதில் இன்னும் மெதுவாக வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அமாவாசையன்று தெருவில் தறிகள் ஓடாது, மண்டிக்கும் விடுமுறை. விடியற்காலையில் அவள் கட்டிக் கொடுக்கும் இட்டிலியையும், துணியில் வடிகட்டிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீபாலன் தனியாகப் புறப்படுவார். "ஏலகிரிக்குப் போயிட்டு வரேன்" என்பார். மலைக்குத் தார்ச்சாலை போட்டு அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, மண்டிக்குப் போவார். மலையில் என்ன பார்த்தார், யாரைப் பார்த்தார் என்று சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் எப்போதோ விட்டுப்போயிருந்தது. பெண் கனகமாலா கல்யாணமாகி வந்தவாசிக்குப் போனபிறகு, சாப்பாடு ஆயிற்றா, கதவு சாத்தியாயிற்றா என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், கணவரின் தம்பி சந்திரநாதன் ஒருநாள் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி அந்தக் காரக் கேட்டுக்கினு இருக்கான். பந்தயத்துல ஓட்டறவனாம். குடுத்துடலாமா?"

"இருக்கட்டும்."

"எதுக்கு? யாரு ஓட்டப் போறாங்க?"

"இருக்கட்டுமே. சோறா கேக்குது?"

சந்திரநாதன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். "ஊர்ல பேசறது உங்க காதுக்கு வர்ல. வந்திருந்தா அந்தக் காரை நீங்களே கொளுத்திப்புட்டிருப்பீங்க."

"என்ன பேசறாங்க?"

"அண்ணன் போயிட்டாரு. இப்ப எதுக்கு அது."

"ஆரம்பிச்சிட்டீங்க. சொல்லிடுங்க."

அவன் கூடத்தில் இருந்த விளக்கு மாடப்பிறையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மலைமேல ஒரு பொம்பள கடை வெச்சிருக்காளாம். அண்ணன் வண்டி எப்பவும் அவ கடை வாசல்லதான் நிக்குமாம். அந்தப் பக்கம் கடலை புடிக்கப் போன நம்ப ஆளுங்க ரெண்டு பேர் பாத்திருக்காங்க. ராத்திரி கூட அங்கதான் நின்னுதாம்."

"காபி ஆறிடுது, குடிங்க" என்றாள் குணமாலா.

அவன் போனபிறகு அவள் அழவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்கு ஒருவித நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை வருஷ மௌனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தன் சமையலிலோ பேச்சிலோ முகத்திலோ என்ன குறை என்று தேடித் தேடி அலுத்துப்போன கேள்விக்கு மலைமேல் ஒருத்தி பதிலாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சண்டை போடவா, வெறுமனே பார்க்கவா என்று மட்டும் அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் தாவீதைக் கூப்பிட்டனுப்பினாள். தாவீது மண்டி லாரி ஓட்டுகிறவன். அவன் அப்பா ஏனாத்தூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவன் பட்டாளத்தில் சேர்ந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, நாற்பது வயதில் ஊர் திரும்பியவன்.

"தாவீது, மலைக்குப் போவணும்."

எந்த மலை என்று அவன் கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். "நான் ஒரு தபா கூட அவரோட போனதில்ல மா. சத்தியமா. கழுவறது, ஆயில் பாக்கறது, அவ்ளோதான். ஸ்டியரிங்கைத் தொட உடமாட்டாரு."

"அந்த வண்டியிலயே போவலாம்."

"அது ரொம்ப தாழ்ந்த வண்டி மா. ஏறி எறங்கறதே கஷ்டம். டாக்சி சொல்லட்டுமா?"

"அந்த வண்டியிலதான்."

அந்தக் கார் வரும் சத்தம் கேட்டு மலைமேல் கடை வைத்திருப்பவள் எப்படி வெளியே வருகிறாள் என்று குணமாலாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

புறப்படும் நேரத்தில்தான் யாரும் யோசிக்காத ஒரு சங்கடம் வந்தது. அந்தக் காரில் பின்னிருக்கையே கிடையாது. வீட்டுக்கார அம்மா பின்னால் உட்கார, டிரைவர் முன்னால் உட்காருவது என்ற ஏற்பாடு அதில் நடக்காது. புருஷனை இழந்து நாலு மாசம்கூட ஆகாத பெண், தாவீதின் தோளுக்குப் பக்கத்தில் தோளாக உட்கார்ந்து தெருவைக் கடந்து போனாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தாவீது கதவோடு ஒட்டிக்கொண்டு, பாதி இருக்கையில் உட்கார்ந்து ஓட்டினான். கூரைத் துணியை அவனே இழுத்து மூடியிருந்தான்.

அவள் அந்தக் காரில் உட்காருவது அதுதான் முதல் தடவை. சாலை இவ்வளவு பக்கத்தில் ஓடும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கையை நீட்டினால் தாரைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. எதிரே வரும் லாரிச் சக்கரங்கள் முகத்துக்கு நேராக உருண்டு வந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் கடந்து, ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பொன்னேரியில் மலையடிவாரத்தில் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது.

மலைப்பாதை ஆரம்பித்த கொஞ்ச தூரத்துக்கெல்லாம் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. நேராகப் போகிற சாலை, திடீரென்று முடிந்துபோனது போல மரங்களில் முட்டும். கார் அப்படியே உடம்பை முறுக்கிக்கொண்டு வந்த திசைக்கே திரும்பும், ஆனால் ஒரு படி மேலே. சற்றுமுன் வந்த சாலை காலுக்குக் கீழே தெரியும். மறுபடி முட்டும், மறுபடி முறுக்கும். நாலைந்து வளைவுக்கு மேல் தாங்கவில்லை. காரை நிறுத்தச் சொல்லி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தாவீது தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

மேலே அத்தனாவூருக்குள் நுழையும் இடத்தில் கடை இருந்தது. ஓலைச் சார்ப்பு, பெஞ்சு, கண்ணாடிப் பாட்டிலில் முறுக்கு. காரின் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள். சந்திரநாதன் சொன்னது சரிதான், இவள் ஓடித்தான் வருகிறாள்.

ஆனால் வந்தவள் குணமாலாவைவிடப் பத்து வயது மூத்தவள். பருத்த உடம்பு, முன்பல் இரண்டு இல்லை. பின்னாலேயே அவள் புருஷன், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து நின்றான். ஓட்டுபவர் இருக்கையில் தாவீதைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"ஐயா வர்லியா? மூணு அமாவாசையா ஆளக் காணமே."

தாவீதுதான் சொன்னான். "ஐயா தவறிட்டாரு. நாலு மாசம் ஆவப்போவுது."

"ஐயோ, இன்னா சொல்றீங்க!" அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காரிலிருந்து இறங்க முடியாமல் இறங்கி நின்ற குணமாலாவைப் பார்த்தாள். "நீங்க யாரு மா? தங்கச்சியா?"

"சம்சாரம்."

"ஐயாவுக்கு சம்சாரம் இருக்காங்களா?"

அவள் கேட்டதில் எந்த உள்நோக்கமும் இல்லை. உண்மையான ஆச்சரியம். "தப்பா எடுத்துக்காதீங்க மா. தனிக்கட்டைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம். வூட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாரே. நாங்களும் கேக்கல."

அவள் பெயர் லோகாம்பாள். புருஷன் அர்ஜுனன், மூங்கில் வெட்டும்போது காலில் அடிபட்டவன். வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். ஐயா டீ குடிக்க மாட்டார், வெந்நீர்தான் கேட்பார், அதனால் நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள். குணமாலா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவரோட வேற யாராவது வருவாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க. ஒத்த ஆளு."

"இங்க யாரையாவது பாக்கப் போவாரா?"

"இல்லியே."

"அப்ப இங்க என்னதான் பண்ணுவாரு?"

"இன்னா பண்ணுவாரு, காரு ஓட்டுவாரு." லோகாம்பாள் சாலையைக் கை காட்டினாள். "மேல வருவாரு. அதோ அந்தப் புளியமரத்தண்ட திருப்புவாரு. கீழ போவாரு. கொஞ்ச நேரம் கழிச்சிப் பாத்தா திரும்பவும் சத்தம் கேக்கும். பொழுது போறதுக்குள்ள கொண்டாந்ததச் சாப்பிட்டுட்டு, வண்டியிலயே மடங்கிப் படுத்துப்பாரு. உள்ள வந்து படுங்கன்னா கேக்க மாட்டாரு. காலையில ஒரு வாட்டி ஓட்டிட்டு, போயிடுவாரு. எங்க வூட்டுக்காரரு ஒருநாள் கேட்டாரு, ஏன் சாமி, கீழ எதனா வெச்சிட்டு மறந்துட்டியா, திரும்பத் திரும்பப் போறியேன்னு. அதுக்குச் சிரிச்சாரு பாருங்க!"

"சிரிப்பாரா?"

"நல்லா சிரிப்பாரு. பாடிக்கினே இல்ல வருவாரு. வளைவுல மொதல்ல பாட்டு கேக்கும். அப்பறந்தான் காரு வரும்."

குணமாலா தம்ளரைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாடி அவள் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்லை. கோயிலில் எல்லோரும் சேர்ந்து துதி சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசையும்.

"என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"அது என்னமோ, ஒண்ணும் புரியாது. வார்த்தையே இருக்காது. சத்தமாப் பாடுவாரு."

மலையிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. காது மடல் சுடுகிற கோபம். ஒரு பெண் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், தலைமயிரைப் பிடித்திருக்கலாம், அவள் அழுதால் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம். ஒரு மலைப்பாதையை என்ன செய்வது? கார் வாங்கிய புதிதில் ஒரே ஒருமுறை அவர் கேட்டிருக்கிறார், "வரியா?" என்று. அன்றைக்கு மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. "வத்தலை யாரு பாத்துப்பாங்க?" என்றாள். அவர் சரி என்று போய்விட்டார். பிறகு கேட்கவில்லை. இன்னொருமுறை கேட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

அடிவாரம் வந்ததும், "திருப்பு தாவீது. திரும்ப மேல போ" என்றாள்.

அவன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பினான். இந்தமுறை கண்ணை மூடாமல் பார்த்தாள். ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு மரத்தையும். இதில் பாட என்ன இருக்கிறது, சிரிக்க என்ன இருக்கிறது என்று தேடினாள். வயிறுதான் மறுபடி புரட்டியது.

"பக்கத்துல உக்காந்தா அப்பிடித்தான் மா இருக்கும்" என்றான் தாவீது. "ஓட்டறவனுக்குத் தலை சுத்தாது."

"ஏன்?"

அவன் யோசித்தான். "வளைவு வருதுன்னு அவன் உடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அவன்தான மா திருப்பறான்."

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் சந்திரநாதன் வந்தான். தெரு முழுக்கப் பேச்சு. "மலைக்குப் போனீங்களாமே. பாத்தீங்களா அவள?"

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருத்திக்காகப் போனார் என்றால் ஊர் அவரைப் பேசும். யாருக்காகவும் போகவில்லை, வீட்டைவிட்டுத் தனியாக இருக்கத்தான் போனார் என்றால் ஊர் இவளைப் பேசும்.

"பாத்தேன்" என்றாள்.

சந்திரநாதன் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் கண்ணில் பரிதாபம் தெரிந்தது. அது அவளுக்குக் கசந்தது. ஆனாலும் திருத்தவில்லை.

அந்த மாதமே ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைச் சாலையில், மண்டியின் பழைய வேனில், குணமாலா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயது. கிளட்சை விடத் தெரியாமல் வேன் தவளை மாதிரி குதித்தது. ஒருநாள் மணலில் இறங்கிச் சக்கரம் புதைந்துகொண்டது. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து தள்ளிவிட்டார்கள். அதில் ஒருத்தி, "என்னா வயசுல என்னா ஆசை பாரு" என்று இவள் காதுபடவே சொன்னாள். குணமாலா கியரைத் தேடினாள். தாவீது பொறுமைசாலி. திட்டும்போதுகூட, "அம்மா, அது பிரேக்கு இல்ல மா, அது பிரேக்கு இல்ல" என்று கெஞ்சுவது போலத்தான் திட்டுவான்.

சந்திரநாதன் இரண்டு முறை வந்து சொல்லிப் பார்த்தான். மூன்றாவது முறை வாசலிலேயே நின்று, "அண்ணி, இது நல்லா இல்ல. வருஷம் கூடத் திரும்பல. அதுவும் தாவீது கூட..." என்று இழுத்தான்.

"தாவீது கூட என்ன?"

அவன் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனான். அதன்பிறகு மண்டி விஷயமென்றால் ஆள்தான் அனுப்பினான். வந்தவாசியிலிருந்து கனகமாலா வந்து, "ஏம்மா இதெல்லாம்?" என்று அழுதுவிட்டுப் போனாள். அவளிடமும் குணமாலா பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தாலி கட்டியவரின் குரலைப் பற்றி ஒரு கடைக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை மகளிடம் எப்படிச் சொல்வது?

லைசென்ஸ் கைக்கு வந்து, மழைக்காலமும் முடிந்த பிறகு, ஓர் அமாவாசை விடியலில் அவள் பச்சைக் காரைத் தனியாக வெளியே எடுத்தாள். தாவீது வாசலில் நின்றிருந்தான்.

"நான் பஸ்சுலயாவது பின்னாடி வரேன் மா. வாணியம்பாடியில நின்னுக்கறேன்."

"வேணாம் தாவீது."

"எறக்கத்துல பிரேக்கையே மிதிச்சிக்கினு வராதீங்க. கியர்லயே புடிங்க."

"சரி."

"கூரைய மூடிடட்டுமா?"

"திறந்தே இருக்கட்டும்."

வெட்டவெளியில் காற்று காதில் அறைந்தது. பஸ் ஜன்னல்களிலிருந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. ஆம்பூரில் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது ஓர் ஆள் சைக்கிளோடு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "டிரைவர் எங்க மா போயிட்டாரு?" என்று கேட்டான். "நான்தான்" என்றதும் கேட் திறக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மலையில் முதல் வளைவுகளைக் கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் ஏறினாள். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அடுத்த வளைவை நெருங்கும்போது எதிரே மூங்கில் லாரி ஒன்று, மூங்கில் முனைகள் பின்னால் நீட்டிக்கொண்டு, பாதை முழுவதையும் அடைத்தபடி இறங்கியது. அவள் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் நின்றுவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். கார் குலுங்கி நின்றது.

லாரிக்காரன் இறங்கி வந்தான். "தனியாவா வந்தீங்க? எறங்குங்க மா, நான் ஏத்திக் குடுக்கறேன்."

இறங்கியிருப்பாள். கை கதவுப் பிடி வரைக்கும் போனது. இறங்கி, அவன் ஏற்றிக் கொடுத்து, மேலே போய் என்ன செய்வது என்று தோன்றியது.

"வேணாம். ஏறற வண்டிக்கு நீதான வழி விடணும்? கொஞ்சம் பின்னாடி போ."

அவன் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே போய் லாரியை அகலமான இடம்வரை பின்னுக்கு ஏற்றினான். அவள் சாவியைத் திருப்பினாள். இரண்டாம் தடவைதான் எஞ்சின் பிடித்தது. கைப்பிரேக்கை விட்டு, கிளட்சை விட்டு, லாரியைத் தாண்டினாள்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயந்து பயந்து உடம்பே அலுத்துவிட்டதோ என்னவோ. அடுத்த வளைவில் கார் தானாகவே திரும்பியது போலிருந்தது. அதற்கடுத்ததில் எங்கே கியரைக் குறைப்பது, எங்கே மறுபடி மிதிப்பது என்று கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்தது. சக்கரம் ஒவ்வொன்றும் சாலையை எங்கே தொடுகிறது என்பது முதுகில் தெரிந்தது. வளைவுக்குள் கார் சாயும்போது இவளும் சாய்ந்தாள், நிமிரும்போது நிமிர்ந்தாள். வயிறு புரட்டவில்லை. மரங்களுக்கு நடுவே ஜோலார்பேட்டையும் ரயில் பாதையும் ஒருமுறை இடப்பக்கம் வந்தன, ஒருமுறை வலப்பக்கம் வந்தன. புளியமரத்தடியில் காரைத் திருப்பி, கடை வாசலில் நிற்காமல், கையசைத்த லோகாம்பாளுக்குப் பதிலுக்குக் கையசைக்கக்கூட மறந்து, கீழே இறங்கினாள். அடிவாரத்தில் திரும்பினாள். ஏறினாள்.

மூன்றாவது ஏற்றத்தில், மேலே வந்து எஞ்சினை நிறுத்தியபிறகுதான் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு நேரமும் அவரைப் பற்றி நினைக்கவே இல்லை. வீடு, சந்திரநாதன், கனகமாலா, ஊர்வாய் எதுவும் நினைவில் இல்லை. அவர் எதைக் கண்டு பாடினார் என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடுபட்டு வந்தாள். வந்த இடத்தில் அவரையே மறந்துபோனாள்.

அவரும் இப்படித்தான் இவளை மறந்திருப்பார். இவள்மேல் கோபமோ வெறுப்போ எதுவும் இருந்திருக்காது. இவளுடைய ஞாபகமே இருந்திருக்காது. அதை நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அவர் இறந்தபிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. லோகாம்பாள் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வரவில்லை.

வெயில் தணிந்தபோது குணமாலா பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்டிலியைச் சாப்பிட்டாள். லோகாம்பாள் வெந்நீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் குணமாலா. "எங்க ஊர்ல உன்னையும் அவரையும் சேத்துப் பேசிக்கினு இருக்காங்க."

லோகாம்பாளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "என்னையா? யோவ், இத கேளுய்யா" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அர்ஜுனன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் உள்ளே போனான்.

"நான் அத இல்லன்னு சொல்லல" என்றாள் குணமாலா.

சிரிப்பு நின்றது. "ஏன் மா?"

"உன்னத் தேடித்தான் வந்தாருன்னா எனக்குக் கொஞ்சம் கௌரவமா இருந்துது."

லோகாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று குணமாலா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சொல்லிட்டுப் போவட்டும்" என்றாள் லோகாம்பாள் கடைசியில். "நான் எங்க உங்க ஊருக்கு வரப்போறேன். குளிரும் மா. ஐயா மாதிரி நீயும் வண்டியில மடங்கிக் கெடக்காத. உள்ள வந்து படு."

குணமாலா உள்ளே போய்த்தான் படுத்தாள். முறுக்கு டின்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

காலையில் மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. வெயில் வரும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னாள் லோகாம்பாள். குணமாலா விளக்கைப் போட்டுக்கொண்டு, தாவீது சொன்னபடி கியரில் பிடித்துக்கொண்டே இறங்கினாள். ஒவ்வொரு வளைவாகப் பனி விலகியது. அடிவாரத்தில் பாதை நேராகிப் பெரிய சாலையோடு சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இங்கிருந்து திரும்பினால் மத்தியானத்துக்குள் காஞ்சிபுரம். பூட்டின வீடு. ஓர் ஆளுக்கு உலை வைக்க வேண்டும். இன்றைக்கே வரவேண்டும், இன்ன நேரத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்த்து அங்கே யாரும் இல்லை.

மாட்டுவண்டி ஒன்று கடந்து போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, காரின் மூக்கை மறுபடி மலையைப் பார்க்கத் திருப்பினாள்.